கத்தி பட்டால் பரவுமா? ஈரல் புற்றுநோய் பற்றிய ஒரு நம்பிக்கையின் வரலாறு

"கத்தி வைச்சால் பரவிப்போகும், வெட்ட விட்டிடாதேங்கோ." கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, ஒரு தமிழ்க் குடும்பத்தில் எவருக்கேனும் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்ன மறுநாளே இந்த வார்த்தை வீட்டுக்குள் வந்துவிடும். அயலவர் சொல்வர். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தொலைபேசியில் பேசும் உறவினரும் சொல்வர். வைத்தியச் செலவுக்குப் பணம் அனுப்புபவரின் வாயிலிருந்து வரும்போது அந்த வார்த்தையின் வலு இரட்டிப்பாகிவிடுகிறது. சத்திரசிகிச்சைக்குக் குறித்த நாள் தள்ளிப் போடப்படுகிறது. நாட்டு மருந்து, நேர்த்திக்கடன், இன்னொரு வைத்தியரின் அபிப்பிராயம் என்று மாதங்கள் கழிகின்றன. மீண்டும் ஸ்கேன் எடுக்கும்போது கட்டி பெருத்துவிட்டிருக்கும். அப்போது கத்தி வைக்க வைத்தியரே மறுத்துவிடுவார்.

இதற்கு நேரெதிரான நம்பிக்கையொன்றும் எம்மவரிடம் உண்டு. "வெட்டி எடுத்தாச்சு, இனிப் பயமில்லை" என்பதே அது. சத்திரசிகிச்சை முடிந்து காயம் ஆறியதும் கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் போய்விடும். கோயிலில் பொங்கல் வைத்து நேர்த்தியும் தீர்க்கப்படும். ஒரு வருடம் கழித்து வயிறு வீங்கி, கண் மஞ்சளாகும்போதுதான் அந்தக் கொப்பியை மீண்டும் தேடுவார்கள்.

இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. புற்றுநோய் என்பது ஓரிடத்தில் அசையாது குந்தியிருக்கும் கட்டி என்ற எண்ணமே அந்த வேர். அசையாதிருப்பதைக் கத்தி கிளப்பிவிடும் என்பது முதலாவது நம்பிக்கை. அசையாதிருப்பதை அறுத்தெறிந்தால் காரியம் முடிந்தது என்பது இரண்டாவது. உண்மையில் கட்டி அவ்வாறு அசையாதிருப்பதில்லை. அதிலிருந்து கலங்கள் (தமிழகத்தில் இவற்றைச் செல்கள் என்பர்) பிரிந்து குருதியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மருத்துவ உலகம் இதை அறிந்துகொள்ள ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அந்த வரலாற்றை ஈரல் புற்றுநோயை முன்னிறுத்தி இங்கே சுருக்கமாகத் தர முனைகிறேன்.

ஈரலை ஏன் முன்னிறுத்த வேண்டும்?

ஈரலில் தோன்றும் புற்றுநோய் நீண்ட காலம் வாய் திறவாதது. வலி தோன்றும் முன்னரே கட்டி பெருத்துவிடுவதுண்டு. ஆரோக்கியமான ஈரலில் அது தோன்றுவது அரிது. பெரும்பாலும், நெடுங்காலம் நோயுற்று, தழும்பேறி இறுகிப்போன ஈரலிலேயே, அதாவது சிரோசிஸ் கண்ட ஈரலிலேயே அது முளைக்கின்றது.

சீனா, தாய்வான் போன்ற நாடுகளில் ஈரல் புற்றுநோய்க்கு முதற்காரணமாக இருந்து வந்தது ஹெபடைட்டிஸ் பி வைரசு. இலங்கையில் இந்த வைரசின் பரம்பல் குறைவு. 2003ஆம் ஆண்டிலிருந்து குழந்தைகளுக்கான தேசிய தடுப்பூசித் திட்டத்திலும் இதற்கான தடுப்பூசி சேர்க்கப்பட்டுள்ளது. எமது நாட்டில் ஈரலைக் கெடுப்பவை பெரும்பாலும் மதுவும், நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்பு ஈரலுமே. களனிப் பல்கலைக்கழகத்து மருத்துவ ஆய்வாளர்கள் கொழும்பின் வடபுறத்தேயுள்ள ராகமையில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று, அப்பகுதியின் நடுத்தர வயதினரில் மூன்றில் ஒரு பங்கினரளவில் மதுவுடன் தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் இருப்பதைக் காட்டியது. கொழுப்பு ஈரல் உள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. மிகச் சிறு பங்கினருக்கே வருகின்றது. ஆயினும் மூன்றில் ஒருவர் என்ற பெருந்தொகையில் சிறு பங்கும் சிறிய எண்ணிக்கையன்று. மது அருந்தாதவர், கோயிற் பணிகளில் முன்னிற்பவர், நீரிழிவுக்கு ஒழுங்காக மாத்திரை எடுப்பவர் என்று ஊரார் மதிக்கும் ஒருவருக்கும் ஈரல் புற்றுநோய் வரக்கூடும் என்பதை எம்மவர் இன்னும் முழுமையாக உணர்ந்துகொள்ளவில்லை.

மெல்பேர்னில் ஒரு பிரேத பரிசோதனை

1869ஆம் ஆண்டு. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் வைத்தியசாலையில் புற்றுநோயால் ஒருவர் இறந்துபோனார். மார்பிலும் வயிற்றிலும் தோலின் கீழே முப்பதளவில் கட்டிகள் அவருக்கு இருந்தன. தோமஸ் ஆஷ்வேர்த் என்ற வைத்தியர், கட்டி எதுவும் இல்லாத காலொன்றின் நாளத்திலிருந்து குருதியை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். கட்டியில் இருந்தவற்றை ஒத்த கலங்கள் அந்தக் குருதியிலும் காணப்பட்டன. அவை கட்டியிலிருந்து வந்தவையாயின், உடலின் குருதிச் சுற்றோட்டத்தில் பெரும்பகுதியைக் கடந்தே அந்தக் காலை அடைந்திருக்க வேண்டும் என்று அவர் தர்க்கித்தார். ஒரே உடலில் பல கட்டிகள் தோன்றுவது எப்படி என்ற கேள்விக்கு இதில் விடை இருக்கலாம் என்றும் கருதினார்.

அந்த மனிதரின் உடலில் இந்தக் கலங்களைக் குருதிக்குள் அனுப்பியது எந்தச் சத்திரசிகிச்சையாளனின் கத்தியுமல்ல என்று ஆஷ்வேர்த் எழுதவில்லை. அப்படி ஒரு கேள்வியே அன்று எழவில்லை. ஆனால் கட்டி தானாகவே கலங்களை உதிர்க்கின்றது என்ற உண்மைக்கான முதற் சாட்சியம் அங்கேதான் பதிவாகியது.

அதே காலப்பகுதியில் எமது நாட்டின் நிலை என்ன? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்துக்கொண்டிருந்தார். சத்திரசிகிச்சை பற்றிய "இரணவைத்தியம்" என்ற தமிழ் நூல் அவரது முயற்சியால் 1867இல் வெளிவந்தது. 1870இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆகவே கத்தியின் பயனைத் தமிழில் விளக்கும் மரபு எமக்குப் புதியதன்று. கிறீனுக்குப் பின்னர் அந்த மரபு தொடர்ந்து வளராமற் போனதே எமது குறை. கொழும்புக் கல்லூரி ஆங்கிலத்தில் கற்பித்தது. வைத்தியருக்குத் தெரிந்தது வைத்தியரோடு நின்றது. நோயாளியின் வீட்டில் பழைய அச்சமே தங்கியது.

வித்தும் நிலமும்

ஆஷ்வேர்த்துக்கு இருபது ஆண்டுகளின் பின்னர், 1889இல், லண்டன் சத்திரசிகிச்சையாளர் ஸ்ரீபன் பஜெற் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். அவர்களில் 241 பேரின் ஈரலுக்கு நோய் பரவியிருந்தது. மண்ணீரலுக்குப் பரவியிருந்ததோ 17 பேரில் மாத்திரமே. குருதி எல்லா உறுப்புகளுக்கும்தான் செல்கிறது. அவ்வாறிருக்க ஈரல் மாத்திரம் ஏன் இவ்வளவு பாதிக்கப்பட வேண்டும்? செடியின் வித்து எல்லாத் திசையிலும் சிதறினாலும் ஏற்ற நிலத்தில்தானே முளைக்கும் என்று பஜெற் விளக்கம் தந்தார்.

1928இல் அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் யூவிங் இதை மறுத்தார். குருதி எந்த வழியே ஓடுகின்றதோ அந்த வழியில் முதலில் எதிர்ப்படும் உறுப்பிலேயே கலங்கள் சிக்கிக்கொள்கின்றன, நிலத்தின் தன்மையெல்லாம் இரண்டாம் பட்சம் என்பது அவரது வாதம். இன்று நோக்கினால் இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஈரல் புற்றுநோய் இரண்டுக்கும் உதாரணமாக நிற்கின்றது.

ஈரலுக்கு நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் குருதி செல்கிறது. அதில் முக்காற் பங்கு குடலிலிருந்து வரும் வாயில் நாளம் வழியாகவும், காற் பங்கு நாடி வழியாகவும் வருகின்றது. ஈரலுக்குள் தோன்றும் புற்றுக்கட்டி வாயில் நாளத்தின் சிறு கிளைகளைத் துளைத்து உள்ளே புகும் இயல்புடையது. அப்படிப் புகுந்த கலங்கள் தூரதேசம் போகவேண்டிய தேவையே இல்லை. அதே நாளத்தின் பக்கத்துக் கிளையில், அதே ஈரலின் இன்னொரு மூலையில் தங்கிவிடுகின்றன. யூவிங் சொன்ன வழி இது. அந்த ஈரலோ ஏற்கெனவே நோயுற்றது. புற்றுக்கு வளமான நிலம். பஜெற் சொன்ன நிலம் இது.

கத்தி கற்றுக்கொண்ட பாடம்

ஈரலை வெட்டுவது நீண்ட காலம் சத்திரசிகிச்சையாளருக்கே அச்சமூட்டிய காரியம். அச்சத்துக்குக் காரணம் புற்றுநோய் பரவும் என்பதல்ல. குருதிப் பெருக்கை நிறுத்த முடியாது என்பதே. 1888இல் ஜேர்மனியின் கார்ல் லங்கன்பூக் திட்டமிட்டு ஈரலின் ஒரு பகுதியை அகற்றினார். 1908இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஹோகார்த் பிறிங்கிள், ஈரலுக்குள் செல்லும் குருதிக் குழாய்களைச் சற்று நேரம் விரலால் அழுத்திப் பிடித்துக் குருதிப் பெருக்கைக் கட்டுப்படுத்தும் முறையை விவரித்தார். இன்றும் அம்முறை அவர் பெயராலேயே வழங்குகிறது.

அடுத்த பெரும் பாய்ச்சல்களில் ஆசியருக்கு முக்கிய பங்குண்டு. வியட்நாமின் தொன் தாட் துங், ஹனோயில் 1930களில் 200க்கும் மேற்பட்ட ஈரல்களைப் பிரித்து ஆராய்ந்து குருதிக் குழாய்களின் கிளைகளை வரைந்தார். 1957இல் பிரான்சின் குய்னோ, ஈரலை எட்டுத் துண்டங்களாக வகுத்து, ஒவ்வொன்றும் தனித்தனிக் குருதி வழியைக் கொண்டது என்று காட்டினார். தாய்வானின் லின் தியென்-யூ, ஈரலை விரல்களால் நசுக்கிப் பிரித்து, விரலுக்குள் அகப்படும் குழாய்களை மாத்திரம் கட்டும் எளிய முறையை 1950களின் இறுதியில் பரப்பினார். ஈரல் வெட்டிய பின்னும் வளரக்கூடிய உறுப்பு என்பதும் துணையாயிற்று. மேசையிலேயே நோயாளி இறப்பது படிப்படியாக அருகியது.

சத்திரசிகிச்சை பாதுகாப்பானதாக மாறியபோதுதான் அடுத்த பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்தது. நோயாளி பிழைத்து வீடு சென்றார். ஆனால் நோய் திரும்பி வந்தது. கட்டி முழுவதையும் அகற்றிய பின்னரும் ஐந்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு எழுபது பேர் வரையில் அது திரும்புவதாக இன்று பல நாடுகளின் அனுபவம் கூறுகின்றது.

ஈரல் முழுவதையுமே அகற்றிவிட்டால் என்ன? 1967 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் ஸ்ரார்ஸ்ல் ஈரல் புற்றுநோய் கண்ட ஒன்றரை வயதுச் சிறுமி ஒருத்திக்கு மாற்று ஈரல் பொருத்தினார். ஈரல் மாற்றுச் சிகிச்சையின் முதல் வெற்றி என்று வரலாறு அதைக் குறிக்கின்றது. அக்குழந்தை 400 நாட்கள் வாழ்ந்தது. அதன் உயிரைப் பறித்தது மீண்டும் பரவிய புற்றுநோயே. பழைய ஈரல் முழுவதும் அகற்றப்பட்ட உடலில் அந்த நோய் எங்கிருந்து வந்தது? சத்திரசிகிச்சைக்கு முன்னரோ அல்லது அதன்போதோ கட்டியை விட்டு வெளியேறிய கலங்களிலிருந்தே வந்திருக்க வேண்டும். பின்னர் 1996இல் இத்தாலியின் மிலான் நகரத்து மசாபெரோ குழுவினர், ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரு கட்டி, அல்லது மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை உள்ளவர்களையே மாற்றுச் சிகிச்சைக்குத் தெரிவு செய்தபோது, நான்கு ஆண்டுகளின் பின்னரும் நூற்றுக்கு 75 பேர் உயிருடன் இருந்தனர். கட்டி சிறிதாக இருக்கும்போது அகற்றினால் வித்து சிதறியிருக்கும் வாய்ப்புக் குறைவு. தாமதத்தின் விலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறில்லை.

கத்தி மீதான குற்றச்சாட்டு

இனி எம்மவர் கேள்விக்கு வருவோம். கத்தி வித்தைச் சிதறடிக்கின்றதா? இக்கேள்வியை மருத்துவ உலகம் அலட்சியப்படுத்தவில்லை. 1913இலேயே அமெரிக்கரான ரைசர், சுண்டெலிகளின் கட்டியைப் பிசைந்துவிட்டால் நுரையீரலில் பரவல் அதிகரிப்பதைக் காட்டினார். 1955இல் டென்மார்க்கின் ஏங்கெல், சத்திரசிகிச்சைக்கு உள்ளானவர்களின் குருதியில் புற்றுக் கலங்களைத் தேடிக் கண்டதாக அறிவித்தார். அந்தச் செய்தி ஒரு வேட்டையைத் தொடக்கியது. 1967இல் அமெரிக்காவின் ரேண்புல், பெருங்குடற் கட்டியைத் தொடுவதற்கு முன்னரே அதன் நாளங்களைக் கட்டிவிடும் "தொடா முறை"யைப் பரிந்துரைத்தார்.

ஆனால் வேட்டை ஏமாற்றத்திலும் முடிந்தது. குருதியில் கலங்கள் காணப்பட்ட நோயாளிகளுக்கெல்லாம் நோய் திரும்பவில்லை என்பதை ஏங்கெல் தாமே பின்னர் தெரிவித்தார். புற்றுக் கலம் என்று இனங்காணப்பட்டவற்றிற் பல, குருதியில் சாதாரணமாகக் காணப்படக்கூடிய பெரிய கலங்களே என்பதும் 1960களின் நடுப்பகுதியில் தெரியவந்தது. "தொடா முறை"யும் பின்னர் நெதர்லாந்திலும் ஜப்பானிலும் முறையாகப் பரீட்சிக்கப்பட்டபோது தெளிவான மேன்மையைக் காட்டவில்லை.

கலங்கள் குருதியில் புகுவது ஒன்று. அவை பிழைத்து முளைப்பது வேறொன்று. 1970இல் அமெரிக்காவில் ஐசையா பிட்லர், கதிரியக்க அடையாளமிட்ட புற்றுக் கலங்களை எலிகளின் குருதியில் செலுத்தினார். ஒருநாள் கழிவதற்குள் ஆயிரத்தில் ஒன்றுகூட உயிருடன் எஞ்சவில்லை. கட்டியாக வளர்ந்தவை அதிலும் சொற்பம். குருதி வேகம், நோயெதிர்ப்புக் கலங்கள், அந்நிய நிலம் எல்லாம் வித்தின் பகைவர்கள். குருதியில் கலம் இருந்தால் நோய் பரவியே தீரும் என்பதும் தவறு.

ஈரல் விடயத்தில் கத்தி மீதான குற்றச்சாட்டை நேரடியாக விசாரித்தவர்கள் ஹொங்கொங் சத்திரசிகிச்சையாளர்கள். ஈரலின் வலப்புறத்துப் பெருங்கட்டிகளை அகற்றும் வழமையான முறையில், முதலில் ஈரலைப் பின்புறத்திலிருந்து விடுவித்து, இடப்பக்கமாகப் புரட்டி, அதன் பின்னரே வெட்டுவர். புரட்டும்போது கட்டி நசுங்க இடமுண்டு. மாறாக, முன்புறமிருந்தே குருதிக் குழாய்களைக் கட்டி, ஈரலைப் பிளந்து, கடைசியிலேயே கட்டியுள்ள பகுதியை அசைப்பது முன்வழி முறை. ஐந்து சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் பெரிய கட்டிகள் உள்ள 120 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஒப்பீட்டை அவர்கள் 2006இல் வெளியிட்டனர். முன்வழி முறைக்கு உள்ளானோரின் இடைநிலை வாழ்நாள் 68 மாதங்களுக்கும் மேல். வழமையான முறையில் சுமார் 23 மாதங்கள். ஈரற் கலங்கள் குருதியில் கலப்பதைக் காட்டும் மூலக்கூற்று அடையாளமும் முன்வழி முறையில் குறைவாகவே இருந்தது. எனினும் நோய் திரும்புவதற்கு எடுத்த காலத்தில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே எமது பாட்டிமாரின் அச்சத்தில் ஒரு துளி உண்மை இருக்கத்தான் செய்கிறது. கட்டியை முரட்டுத்தனமாகக் கையாள்வது நல்லதன்று. ஊசியால் குத்திப் பரிசோதனை செய்யும்போதும் ஊசி சென்ற தடத்தில் கட்டி முளைக்கும் அபாயம் நூற்றில் மூன்றுக்கும் சற்றுக் குறைவாக உள்ளது. அதனால்தான் சிரோசிஸ் உள்ளவர்களின் ஈரற் கட்டியைப் பெரும்பாலும் ஊசியின்றியே, சாயமேற்றிய சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் வைத்தியர்கள் உறுதிசெய்கின்றனர். ஆனால் இத்துளி உண்மையிலிருந்து "வெட்டவே கூடாது" என்ற முடிவுக்குத் தாவுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதற்கு மறுதலையான ஆதாரம் உண்டு.

ஷாங்காய் தந்த விடை

குருதியில் புற்றுக் கலத்தைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதைவிடக் கடினம். ஏழரை மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ 3,750 கோடி செங்கலங்கள் உண்டு. அவற்றின் நடுவே ஒன்றோ இரண்டோ புற்றுக் கலங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். கலத்தின் மேற்பரப்பிலுள்ள எப்காம் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் காந்தத் துணுக்குகளால் அவற்றை இழுத்தெடுக்கும் செல்சேர்ச் என்ற கருவியை, பரவிய மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுத்த 2004இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. ஈரல் புற்றுநோயில் ஒரு சிக்கல்: ஈரற் கலங்கள் பொதுவாக இப்புரதத்தைத் தாங்குவதில்லை. புற்றுக் கலங்களிலும் ஒரு பகுதியே தாங்குகின்றன. ஆனால் அந்தப் பகுதிதான் மீண்டும் முளைக்கும் வல்லமை மிகுந்ததாகக் கருதப்படுகிறது.

ஷாங்காய் ஆய்வாளர்கள் ஈரற் கட்டி அகற்றப்படவிருந்த 123 பேரின் குருதியை இவ்வழியில் பரிசோதித்து 2013இல் முடிவை வெளியிட்டனர். சத்திரசிகிச்சைக்கு முன்னரே, அதாவது கத்தி உடலைத் தொடுவதற்கு முன்னரே, சுமார் 67 வீதமானோரின் குருதியில் அத்தகைய கலங்கள் இருந்தன. சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதத்தின் பின்னர் அந்த விகிதம் சுமார் 28 ஆகக் குறைந்திருந்தது. ஏழரை மில்லிலீற்றரில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கலங்கள் முன்னரே இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் அதிகமாக இருந்தது.

வாசகர்கள் இந்த எண்களைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வித்தைச் சிதறடித்துக்கொண்டிருந்தது கட்டி. கட்டியை அகற்றியபோது குருதியிலுள்ள வித்து குறைந்தது. "கத்தி பட்டதால் பரவியது" என்று சொல்லப்படும் பலரில் நோய் முன்னரே புறப்பட்டுவிட்டிருந்தது. சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கட்டிக்கு வித்து உதிர்க்கக் கொடுக்கும் அவகாசமாகிறது.

இன்னொன்றையும் இங்கு கூற வேண்டும். இந்தக் குருதிப் பரிசோதனை ஈரல் புற்றுநோய்க்கு இன்னமும் வழமையான பரிசோதனையாகவில்லை. "ஒரு துளி இரத்தத்தில் புற்றுநோயைச் சொல்கிறோம்" என்று விளம்பரம் செய்வோரிடம் பெருந்தொகையைக் கொடுப்பதற்கு முன்னர், அதன் முடிவினால் தமது சிகிச்சையில் என்ன மாறும் என்று வைத்தியரிடம் கேட்பது நன்று.

திரும்பி வருதல் இரு வகை

வெட்டியெடுத்த பின் நோய் திரும்புவது ஒரே காரணத்தால் அன்று. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்புவது பெரும்பாலும் முன்னரே சிதறிய வித்தின் முளை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் வருவது பல வேளைகளில் பழைய நோயே அன்று. நோயுற்ற அதே நிலத்தில் புதிதாக முளைத்த வேறொரு புற்று. முதலாவதற்கு எதிராக எமக்குள்ள ஆயுதம் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே அகற்றுதல். இரண்டாவதற்கு எதிரான ஆயுதம் நிலத்தைத் திருத்துதல்: மதுவை முற்றாக விடுதல், நீரிழிவையும் எடையையும் கட்டுப்படுத்தல், ஹெபடைட்டிஸ் பி இருப்பின் அதற்கான மாத்திரையைத் தவறாது எடுத்தல்.

சத்திரசிகிச்சைக்குப் பின்னர் நோய் திரும்பாமல் தடுக்கும் மருந்து உண்டா என்று கேட்போருக்கு வரலாறு தரும் பதில் இன்னும் உற்சாகமானதன்று. சோரபெனிப் என்ற மருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பரீட்சிக்கப்பட்டுப் பயனற்றது என 2015இல் அறிவிக்கப்பட்டது. நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தொன்றும், கட்டிக்குக் குருதிக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் மருந்தொன்றும் சேர்ந்த கூட்டு 2023இல் நம்பிக்கை தந்தது. 2024இல் நீண்டகால அவதானிப்பு வெளியானபோது அப்பயன் நிலைக்கவில்லை. ஆகவே இன்று கையிலுள்ள உறுதியான காவல், தொடர் பரிசோதனை ஒன்றே. முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன், அத்துடன் ஏ.எப்.பி. என்ற குருதிப் பரிசோதனை. அதன் பின்னரும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை. திரும்பிய கட்டி சிறிதாக அகப்பட்டால் மீண்டும் வெட்டலாம், வெப்பத்தால் எரிக்கலாம், சிலருக்கு மாற்று ஈரலும் பொருத்தலாம். பெரிதாக அகப்பட்டால் இவ்வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன.

ஏன் நம்பிக்கை சாகவில்லை?

இவ்வளவு அறிவு சேர்ந்த பின்னரும் பழைய நம்பிக்கை ஏன் நிலைக்கின்றது? பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில் எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுண்டு. எமது தமிழ்ப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களை எடுத்துப் பாருங்கள். பிறந்த ஊர், வாழ்ந்த இடம், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் இருக்கும். நோயின் பெயர் இராது. "சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து" என்பதோடு முடியும். உயிருடன் இருப்பவர்களோ அதைவிட இரகசியமாக இருக்கின்றனர். பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக் கெட்டுவிடும் என்று, சத்திரசிகிச்சை செய்து எட்டு வருடம் சுகமாக வாழ்பவர் அதை அயல்வீட்டுக்கும் சொல்வதில்லை. வெட்டிய பின் இறந்தவரின் கதை மாத்திரம் செத்தவீட்டுத் திண்ணையில் காதோடு காதாகப் பேசப்படுகின்றது. தப்பியோர் கணக்கில் வராமல் இறந்தோர் மாத்திரம் எண்ணப்படும் ஊரில், கத்தி எப்போதும் குற்றவாளியாகவே தோன்றும்.

வெட்டாமலே இறந்தவரின் கணக்கு இன்னும் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. அவர் விதி முடிந்து போனதாகச் சொல்லிவிடுகிறோம். தாமதத்தை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

எனவே இத்தகைய நோயை எதிர்கொள்ளும் குடும்பத்தினர், கொழும்பு பெரியாஸ்பத்திரியிலோ ராகமையிலோ மகரகமையிலோ, அல்லது சென்னையிலோ வேலூரிலோ, வைத்தியரின் முன் அமரும்போது சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டியின் அளவென்ன, எத்தனை? நாளங்களுக்குள் புகுந்துள்ளதா? மிகுதி ஈரல் வெட்டைத் தாங்குமா? வெட்டிய துண்டின் பரிசோதனை அறிக்கையில் நுண்ணிய குருதிக் குழாய்களுக்குள் கலங்கள் காணப்பட்டனவா? அடுத்த ஸ்கேன் எந்தத் திகதியில்? நான்காவது கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. வித்து புறப்பட்டுவிட்டதா என்பதற்கு இன்று சாதாரண வைத்தியசாலையிலும் கிடைக்கக்கூடிய தடயம் அதுவே.

எல்லா ஈரற் கட்டியையும் வெட்ட முடியாது, வெட்ட வேண்டியதுமில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர் கட்டியின் அளவையும் ஈரலின் பலத்தையும் அறிந்த வைத்தியர். வெளிநாட்டில் இருக்கும் உறவினர், தொலைபேசியில் "வெட்ட விடாதேங்கோ" என்று சொல்வதற்கு முன்னர், இந்தக் கேள்விகளுக்கு வைத்தியர் சொன்ன பதில் என்ன என்று கேட்பாராயின் அனுப்பும் பணத்தைவிட அது பெரிய உதவியாக இருக்கும். சத்திரசிகிச்சை முடிந்த வீட்டில் உள்ளோர் செய்யவேண்டியது, கிளினிக் கொப்பியை அலுமாரியில் வைக்காமல், அடுத்த திகதி எல்லோர் கண்ணிலும் படும்படி நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது.